மருந்தை நிறுத்துவதா தவக்குல்?

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி.

திருவிதாங்கோட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வாப்பாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய், இப்போது காலில் ஆறாத புண். மாத்திரையை நிறுத்திவிட்டார். "தந்தவன் அல்லாஹ், எடுப்பவனும் அவன்தான்" என்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் "உனக்குத் தவக்குல் (அல்லாஹ்வையே நம்பி அவனிடம் பொறுப்பை ஒப்படைப்பது) இல்லை" என்று உங்களையே கடிந்துகொள்கிறார். சவூதியில் இருக்கும் உங்கள் கணவருக்குச் சில மாதமாகச் சம்பளம் வரவில்லை. உங்களுக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. பயப்படுவதே ஈமான் (இறைநம்பிக்கை) குறைவின் அடையாளம் என்று ஒரு பயானில் (மார்க்க உரையில்) கேட்டதிலிருந்து, பயத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துவிட்டது. கையிலுள்ள நகையை விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்வதுகூட அல்லாஹ்வின் மேல் சந்தேகப்படுவதாகுமோ என்று கேட்கிறீர்கள்.

முதலில் புண்ணைப் பற்றி, ஏனென்றால் அது காத்திருக்காது. சர்க்கரை கூடிய உடம்பில் காலின் நரம்பு மரத்துப்போகும். காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடும். வலி தெரியாததால் புண் பெரிதாவதும் தெரியாது, சீழ் எலும்பு வரை போய்விடும். "வலிக்கவே இல்லை" என்று வாப்பா சொன்னால் அதைத் தேறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தக்கலை அரசு மருத்துவமனையோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ, எது வசதியோ அங்கே இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். மார்க்க விளக்கம் முழுவதும் அவருக்குப் புரிந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இனி அவர் சொல்வதற்கு வருகிறேன். அல்லாஹ்தான் நோயைத் தருகிறான், அவனே சுகம் தருகிறான் என்று வாப்பா நம்புவது முழுக்கச் சரி. இப்ராஹீம் நபி (அலை) சொன்னதாகக் குர்ஆனில் வருவதும் அதுதானே: "நான் நோயுற்றால் அவனே என்னைக் குணப்படுத்துகிறான்." அந்த நம்பிக்கையை நீங்கள் அசைத்துப் பார்க்கக் கூடாது. அதிலிருந்து "ஆகவே மாத்திரை வேண்டாம்" என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. இந்தப் பிழை புதிதும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே யமன் தேசத்தார் சிலர் வழிச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்குப் புறப்படுவார்கள். "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்பார்கள். மக்காவுக்கு வந்ததும் மற்றவர்களிடம் கையேந்துவார்கள். "பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்வதில் சிறந்தது இறையச்சம்" என்ற அல்பகரா அத்தியாயத்தின் 197-ஆம் வசனம் இவர்கள் விஷயத்தில்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அந்த யமன் ஆட்களின் கதையை யோசித்தால் ஒன்று புரியும். அல்லாஹ்வை நம்புகிறேன் என்று சொல்லி அவர்கள் தூக்கிப்போட்ட சுமை காற்றில் கரைந்துவிடவில்லை, வேறொருவர் தோளில்தான் போய் இறங்கியது. வாப்பா இறக்கிவைத்த சுமை இன்று உங்கள் தோளில் இருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று ஒருவர் கேட்க, "கட்டு, பிறகு தவக்குல் வை" என்று நபி (ஸல்) சொன்ன ஹதீஸ் (நபிமொழி) எல்லோரும் அறிந்ததுதான். திர்மிதீயின் தொகுப்பில் அனஸ் (ரலி) வழியாக வரும் அந்த அறிவிப்பைச் சொன்னவர்களின் தொடரைப் பற்றி ஹதீஸ் கலையினரிடையே பேச்சு உண்டு. இமாம் யஹ்யா அல்கத்தான் அதை ஏற்கவில்லை என்று திர்மிதீயே எழுதியிருக்கிறார். ஆனால் அதே கருத்து அம்ரு பின் உமைய்யா (ரலி) வழியாக இப்னு ஹிப்பானின் தொகுப்பில் வருவதால், இரண்டையும் சேர்த்து ஏற்றவர்கள் இருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாப்பா கொஞ்சம் ஓதியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்த ஒரு ஹதீஸைத் தட்டிக்கழிக்கக்கூடும். அப்போதும் வாதம் விழுந்துவிடாது. நம் குமரி மாவட்டத்தில் ரப்பர் வைத்திருப்பவர்கள் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்பே வெட்டுப்பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் கட்டிவிடுவார்கள், அல்லாஹ்வை நம்பும் முஸ்லிம் வீட்டுத் தோட்டத்திலும் அப்படித்தான். வாப்பாவே தன் கையால் கட்டியிருப்பார். மரத்துக்குப் பொருந்துவது காலுக்குப் பொருந்தாதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

மருந்தைப் பற்றி நேரடியாகவே வந்திருக்கிறது. "அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள். மூப்பைத் தவிர எந்த நோயையும் மருந்தில்லாமல் அல்லாஹ் வைக்கவில்லை" என்று உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. இன்னொரு அறிவிப்பில் கேள்வியே வாப்பாவின் கேள்விதான். நாங்கள் ஓதிப் பார்ப்பதும் மருந்து சாப்பிடுவதும் அல்லாஹ்வின் விதியில் எதையாவது தடுத்துவிடுமா என்று கேட்கிறார்கள். நபி (ஸல்) சொன்ன பதில்: "அவையும் அல்லாஹ்வின் விதியில் உள்ளவைதான்." நோய் மட்டும் கத்ர் (விதி), மருந்து அதற்கு வெளியே நிற்கும் ஏதோ மனிதச் சூழ்ச்சி என்று எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் எல்லாம் வருகிறது.

இதை இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அளவுக்குத் தெளிவாக வாழ்ந்து காட்டியவர் இல்லை. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஷாம் (சிரியாப் பகுதி) தேசத்துக்குப் போகிறார். ஸர்கு என்ற இடத்தை அடைந்ததும், படைத்தளபதி அபூஉபைதா (ரலி) முதலானோர் எதிரே வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் சொல்கிறார்கள். உமர் முதலில் முஹாஜிர்களை (மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்து வந்தவர்களை) அழைத்து ஆலோசனை கேட்கிறார். அவர்களுக்குள் கருத்து வேறுபடுகிறது. அன்சாரிகளை (அவர்களுக்கு உதவிய மதீனாவாசிகளை) கேட்கிறார், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிகளில் மூத்தவர்களைக் கேட்கிறார். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடலாம் என்கிறார்கள். காலையில் திரும்புகிறேன் என்று உமர் அறிவித்ததும் அபூஉபைதா கேட்டார்: "அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா?"

கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று நபியே பெயர் சூட்டியவர். உமருக்கு அவர் மேல் அவ்வளவு மதிப்பு. "இதை உங்களைத் தவிர வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, அபூஉபைதா!" என்றார். பிறகு, "ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதியை நோக்கியே ஓடுகிறோம்" என்றார். ஒரு பள்ளத்தாக்கின் ஒருபக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி என்றிருந்தால், உங்கள் ஒட்டகங்களைப் பசுமையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே, வறண்ட பக்கம் மேய்த்தாலும் அவன் விதிப்படிதானே என்று கேட்டார். அதற்குப் பிறகுதான், அதுவரை அங்கில்லாத அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார். உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்.

இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அபூஉபைதாவின் கேள்வியைவிட, அதற்கு முன் நடந்த மூன்று சுற்று ஆலோசனை. கலீஃபா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்கவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டார், அவர்கள் முரண்பட்டபோது மீண்டும் கேட்டார். குர்ஆன் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் (வசனம் 159) நபிக்குச் சொன்ன வரிசையே அதுதான்: அவர்களிடம் ஆலோசியுங்கள், முடிவெடுத்ததும் அல்லாஹ்வின் மேல் தவக்குல் வையுங்கள். அது உஹதுப் போருக்குப் பிறகு இறங்கியது. தோழர்களின் ஆலோசனையை ஏற்று ஊருக்கு வெளியே போய்ப் பெரும் இழப்பைச் சந்தித்த பிறகும், இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று அல்லாஹ் சொல்லவில்லை. இன்றைக்கு வாப்பாவின் காலைப் பற்றி ஆலோசிக்க வேண்டியவர் மருத்துவர்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் வாப்பாவுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். கேள்வி கணக்கின்றிச் சொர்க்கம் புகும் எழுபதாயிரம் பேரைப் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் உண்டு. அவர்கள் பிறரிடம் ஓதிப் பார்க்கக் கேட்க மாட்டார்கள், சூடு போட்டுக்கொள்ள மாட்டார்கள், சகுனம் பார்க்க மாட்டார்கள், தங்கள் இறைவன் மேலேயே தவக்குல் வைப்பார்கள். வலிப்பு நோயால் துன்பப்பட்ட ஒரு பெண்ணிடம், "நீ விரும்பினால் பொறுமையாக இரு, உனக்குச் சொர்க்கம் உண்டு. விரும்பினால் உன் சுகத்துக்காக துஆ செய்கிறேன்" என்று நபி (ஸல்) சொன்னதும், அவர் பொறுமையைத் தேர்ந்ததும் உண்மை. ஷாஃபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) பழைய நூல்களிலும் மருத்துவம் செய்துகொள்வது சுன்னத் (செய்வது நல்லது) என்றுதான் இருக்கும், வாஜிப் (கட்டாயக் கடமை) என்று இருக்காது. ஆகவே வாப்பா ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை.

ஆனால் இதை இமாம் கஸ்ஸாலி பகுத்துக் காட்டியிருக்கிறார். ஹிஜ்ரி 505-இல் மறைந்த அவர், 'இஹ்யா' என்ற தம் நூலில் தவக்குலுக்கென்றே ஒரு பாகம் ஒதுக்கியவர், துறவு மனம் கொண்டவர். மருந்து விற்பவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி போல உறுதியாகப் பலன் தருபவை முதல் வகை. இவற்றை விடுவது தவக்குலே இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் ஹராம் என்கிறார். சோறு முன்னால் இருக்க, கையை நீட்டுவது முயற்சியாகிவிடும் என்று உட்கார்ந்திருப்பவனின் நிலைக்கு அவர் சொல்லும் பெயர் பைத்தியம். பெரும்பாலும் பலன் தரும் என்று எதிர்பார்க்கத்தக்க மருத்துவம் இரண்டாம் வகை. அது தவக்குலுக்கு முரண் இல்லை. சூடு போடுவது, மந்திரிப்பது போன்ற, பலன் வெறும் யூகமாக இருப்பவை மூன்றாம் வகை. தவக்குல் உள்ளவர் விட்டுவிட வேண்டியவை இவைதான். எழுபதாயிரம் பேரின் ஹதீஸ் இந்த வகையைத்தான் சொல்கிறது.

கஸ்ஸாலியின் காலத்தில் சர்க்கரை நோய்க்கு இன்று உள்ள மருந்து இல்லை. இன்று கிருமி ஏறிய காலுக்கு வைத்தியம் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது கண்ணால் பார்க்கக்கூடியது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மருத்துவத்தை விட்டால் உயிரோ உறுப்போ போய்விடும், அல்லது நோய் பிறருக்குப் பரவும் என்ற நிலையில் மருத்துவம் வாஜிபாகிறது என்று தீர்மானித்தது. வலிப்பு வந்த அந்தப் பெண்ணோடு வாப்பா தன்னை ஒப்பிட முடியாததும் இதனால்தான். அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு மாத்திரை இருந்து அவர் அதை மறுக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் பெண்கூட, வலிப்பு வரும்போது என் உடல் வெளியே தெரியாமல் இருக்க துஆ செய்யுங்கள் என்று தனக்கு வேண்டியதைக் கேட்டே பெற்றார்.

இத்தனையும் சொன்ன பிறகும், வாப்பாவிடம் போய் ஹதீஸ்களை அடுக்காதீர்கள். வயதான ஆணுக்கு மகள் வாயால் "உங்கள் தவக்குல் தவறு" என்று கேட்பது கடினம். அந்த வார்த்தைக்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கலாம். காலை எடுத்துவிடுவார்களோ என்ற திகில் இருக்கலாம். மருமகனுக்குச் சம்பளம் வராத நேரத்தில் செலவு வைக்கக் கூடாதே என்ற எண்ணம் இருக்கலாம். இதை வாய்விட்டுச் சொல்ல முடியாத மனிதர்கள் மார்க்கத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டுப் போட்டுவிட்டால் ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்ய முடியாதே, தொழுகை போய்விடுமே என்ற கவலையும் உண்மையாகவே இருக்கக்கூடும். அதற்கு வழி இருக்கிறது: நல்ல பாகத்தைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, ஷாஃபிஈ முறைப்படி தயம்முமும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் செய்யும் சுத்தம்) சேர்த்துக்கொண்டால் தொழலாம். இதைப் பள்ளிவாசல் இமாம் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால் நன்றாக இருக்கும். இன்னொரு காலுக்கும் ஒரு வார்த்தை: ஒவ்வொரு ஒளுவுக்குப் பிறகும் விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைக்கச் சொல்லுங்கள், அப்போதே வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் தக்கலைப் பீர்முகம்மது அப்பா, நம் பீரப்பா மேல் மதிப்பு உள்ளவராக இருந்தால் அதையும் பேசலாம். ரஜப் மாதத்தில் தக்கலையில் விடிய விடிய அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடுகிறோமே, அந்த ஞானி தறியில் உட்கார்ந்து நெசவு செய்து பிழைத்தவர் என்றுதான் நம் ஊரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இறைவனில் அவ்வளவு கரைந்தவர்கள்கூட நூலை இழுக்காமல் துணி வரும் என்று காத்திருக்கவில்லை. ஸஹ்ல் துஸ்தரீ என்ற பழைய சூஃபி சொன்னதாக வருவதும் இதுவே: தவக்குல் நபியின் உள்ள நிலை, உழைப்பு நபியின் சுன்னத்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்த பயானில் சொன்னது தவறு. இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் குர்ஆன் நபிமார்களின் பயத்தை மறைக்கவே இல்லை. சூனியக்காரர்களின் கயிறுகள் பாம்பாகத் தெரிந்தபோது "மூஸா தம் உள்ளத்தில் அச்சத்தை உணர்ந்தார்" என்கிறது. யஃகூப் நபியின் கண்கள் மகனுக்காக அழுது வெளுத்துப்போயின. "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" என்றார். துயரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை, அதை யாரிடம் கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் செய்தி. நபி (ஸல்) அவர்கள் தம் கைக்குழந்தை இப்ராஹீம் உயிர்விடும்போது அழுதார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, நம் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம் என்றார்கள். பத்ருப் போரின்போது வெற்றி தருவதாக அல்லாஹ் வாக்களித்திருந்தும், தோளிலிருந்து மேலாடை விழும்வரை கையேந்திக் கெஞ்சினார்கள். அபூபக்ர் (ரலி) ஆடையை எடுத்துப் போர்த்தி, போதும் அல்லாஹ்வின் தூதரே என்று சொல்ல வேண்டியிருந்தது. வாக்குறுதி கையில் இருந்தவர் அப்படி இறைஞ்சினார் என்றால், எந்த வாக்குறுதியும் கையில் இல்லாமல் இரவில் விழித்திருக்கும் நீங்கள் ஈமான் இல்லாதவரா?

எல்லாவற்றையும்விட மூஸா நபியின் தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். பயம் வந்தால் குழந்தையை ஆற்றில் போட்டுவிடு, அஞ்சாதே, அவரை உன்னிடமே திருப்பித் தருவோம் என்று அவருக்கு அறிவிக்கப்பட்டது. போட்டார். இதைவிடப் பெரிய ஒப்படைப்பு ஒரு தாயால் முடியுமா? ஆனால் அதற்குப் பிறகு அவர் உள்ளம் வெறுமையாகிப்போனது, நாம் அவர் உள்ளத்தைப் பலப்படுத்தியிராவிட்டால் விஷயத்தையே வெளிப்படுத்தியிருப்பார் என்கிறது அல்கஸஸ் அத்தியாயம். அடுத்த வசனத்தில் மகளிடம் சொல்கிறார்: "அவன் பின்னாலேயே போய்ப் பார்." அல்லாஹ்வின் வாக்கை நம்பி ஆற்றில் விட்டவர் கரையோரமாக ஆளும் அனுப்பினார். அந்தப் பெண் பின்னால் போனதால்தான், பால் குடிக்க மறுத்த குழந்தைக்குத் தாயையே செவிலியாகக் காட்டிக்கொடுக்க முடிந்தது. உள்ளம் நடுங்கியது, கை விட வேண்டியதை விட்டது, கால் ஓட வேண்டிய இடத்துக்கு ஓடியது. மூன்றும் ஒரே பெண்ணிடம். குர்ஆன் எதற்கும் அவரைக் கண்டிக்கவில்லை.

நபி (ஸல்) மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஹிஜ்ரத்தும் அப்படித்தான். மதீனா வடக்கே இருக்க, தெற்கே இருந்த தவ்ர் குகைக்குப் போனது, மூன்று இரவு அங்கே தங்கியது, அபூபக்ரின் மகன் இரவில் வந்து மக்காவின் செய்தியைச் சொன்னது, ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டி வந்து பால் கொடுத்தது, முஸ்லிமே அல்லாத ஒருவரைக் கூலிக்கு வழிகாட்டியாக அமர்த்தி ஒட்டகங்களை ஒப்படைத்து வைத்தது என்று ஏற்பாட்டில் ஒரு ஓட்டை கிடையாது. அவ்வளவும் செய்த பிறகு எதிரிகள் குகை வாயிலுக்கே வந்து நின்றுவிட்டார்கள். குனிந்து பார்த்தால் போதும். அங்கேதான் "மூன்றாவதாக அல்லாஹ் இருக்கும் இருவரைப் பற்றி என்ன நினைக்கிறீர், அபூபக்ரே?" என்ற வார்த்தை வந்தது. உண்மையான சரணடைதல் அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து: செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடிந்து, கையில் ஒன்றுமே மிஞ்சாத இடத்தில். ஏற்பாடு நம்மைக் காப்பாற்றும் என்று அதுவரை உள்ளூர நம்பியிருந்தால் அங்கே உடைந்துபோவோம். ஆகவே உங்களிடம் இருக்க வேண்டிய தவக்குல் மருந்தை விடுவது கிடையாது, மருந்தின் மேல் வைத்த நம்பிக்கையை அல்லாஹ்வின் மேல் மாற்றிவைப்பது. மாத்திரையைக் கையில் எடுத்து பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்கும்போது வாப்பாவால் அதைச் செய்ய முடியும். மாத்திரையைத் தூக்கி எறிந்தால் அதைச் செய்யும் வாய்ப்பே அவருக்கு இல்லை.

கணவரின் சம்பள விஷயம். பொறுமையாக இருங்கள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடுவது எளிது. ஆனால் கூலி என்பது மார்க்கத்தில் உரிமை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனை எதிர்த்து மறுமையில் நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறுவதாகப் புகாரியில் ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ்வின் சொல்லாக நபி அறிவித்தது) இருக்கிறது. அல்லாஹ்வே வழக்காடும் உரிமையை நீங்கள் கேட்கக் கூச வேண்டியதில்லை. அவர் ஒப்பந்தத் தாள், இகாமா (சவூதி வசிப்பு அனுமதி) நகல், கடைசியாகச் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். அங்கே தொழிலாளர் விஷயங்களைக் கவனிக்கும் மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம், ரியாத் தூதரகத்தையோ ஜித்தா துணைத் தூதரகத்தையோ அணுகலாம். இங்கிருந்து நீங்களே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் பதியலாம், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதலாம். பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். ரிஸ்க் (வாழ்வாதாரம்) தருபவன் முதலாளி என்று எண்ணிப் பயப்படாமல், தருபவன் அல்லாஹ் என்று தெரிந்து தைரியமாகப் புகார் எழுதுவதும் தவக்குல்தான்.

"எவர் அல்லாஹ்வின் மேல் தவக்குல் வைக்கிறாரோ அவருக்கு அவன் போதுமானவன்" என்ற வசனத்தை வீட்டுச் சுவரில் எல்லாம் பார்க்கிறோம். அது அத்தலாக் (விவாகரத்து) அத்தியாயத்தில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இத்தா (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) எண்ணுவது, சாட்சி வைப்பது, மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டங்களாக நிறைந்த அத்தியாயம். குடும்பம் உடையும் நேரத்தில், பணமும் உரிமையும் பேசவேண்டிய இடத்தில், அல்லாஹ் இந்த வாக்கை வைத்திருக்கிறான்.

நம் கடற்கரையில் விதியைப் பற்றிய இந்தக் கேள்வியைப் பேசாமல் இருக்க முடியாது. 26-12-2004 அன்று சுனாமியால் குளச்சலிலும் மணக்குடியிலும் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அப்போதும் சிலர் அதைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அப்படிப் பேச எந்த ஆலிமுக்கும் அதிகாரம் இல்லை. நீரில் மூழ்கி இறந்த முஸ்லிமை ஷஹீது (உயிர்த்தியாகி) என்று சொன்னவர் நபி (ஸல்). 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை போய்ச் சேரும் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் ஏராளம், பெரும்பாலோர் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பகுதிக் கத்தோலிக்கச் சகோதரர்கள். தேடச் சொல்லி அவர்களின் குடும்பங்கள் குழித்துறையில் ரயிலை மறித்தன. விதியை எதிர்ப்பதாக யாராவது அவர்களைச் சொல்லியிருப்பார்களா? உயிரோடு இருக்க வாய்ப்பிருக்கும்வரை தேடச் சொல்வது கடமை. இறந்தது உறுதியான பிறகு வருவதுதான் பொருந்திக்கொள்வது.

முஸ்லிம் தொகுப்பில் அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதில் இந்த இரண்டும் வரிசையாகவே இருக்கின்றன. உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமல் உட்கார்ந்துவிடாதே. அதன் பிறகும் ஏதாவது நேர்ந்துவிட்டால் "அப்படிச் செய்திருந்தால்" என்று சொல்லாதே, அல்லாஹ் விதித்தான், நாடியதைச் செய்தான் என்று சொல். அந்த "இருந்தால்" ஷைத்தானின் வேலைக்கு வழி திறந்துவிடும். முதல் பாதியைச் செய்யாமல் இரண்டாம் பாதிக்குத் தாவுவது வாப்பா செய்வது. முதல் பாதியை முடித்தும் இரண்டாம் பாதிக்கு வராமல் விடியும்வரை "இருந்தால்" சொல்லிக்கொண்டிருப்பது நீங்கள் செய்வது. நடந்ததிலிருந்து பாடம் படிப்பதை இது தடுக்கவில்லை. "பின்னால் தெரிந்தது முன்பே தெரிந்திருந்தால் பலிப்பிராணியைக் கொண்டுவந்திருக்க மாட்டேன்" என்று ஹஜ்ஜின்போது நபியே சொல்லியிருக்கிறார்கள்.

இரவில் தூக்கம் வராதபோது ஓத, அனஸ் (ரலி) வழியாகப் புகாரியில் வரும் துஆவைச் சொல்கிறேன். நபி (ஸல்) இதை அதிகம் ஓதுவார்களாம்: "இறைவா, கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும், கோழைத்தனத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும், கடன் சுமையிலிருந்தும், மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் உன்னிடம் பாதுகாவல் தேடுகிறேன்." கவலையையும் சோம்பலையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். உங்களுக்கும் வாப்பாவுக்கும் ஒரே துஆ போதும். அரபு வாசகத்தைப் பள்ளி இமாமிடம் சரியாகக் கேட்டு ஓதுங்கள். இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று வாட்ஸ்அப்பில் வரும் துஆக்களை அழித்துவிடுங்கள். அவற்றுக்கும் தவக்குலுக்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியாக நகை. தாராளமாக விற்கலாம். பனூ நளீர் என்ற குலத்தாரின் சொத்திலிருந்து தம் குடும்பத்துக்கு ஒரு வருட உணவை நபி (ஸல்) எடுத்து வைப்பார்கள் என்று உமர் (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது. தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்த கஅப் பின் மாலிக்கிடம், கொஞ்சம் வைத்துக்கொள்வது உமக்கு நல்லது என்றார்கள். வாரிசுகள் மக்களிடம் கையேந்தும்படி விட்டுச்செல்வதைவிட அவர்களைத் தன்னிறைவோடு விட்டுச்செல்வது மேல் என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். ஆகவே சேமித்து வைப்பதால் நம்பிக்கை குறைந்துவிடாது. விற்க மனமில்லை என்றால் வட்டிக்கு அடகு வைக்கும் முன், உங்கள் ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடன் ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நகை உங்களுடைய சொத்து, முடிவு உங்களுடையது. இரண்டு ரக்அத் இஸ்திகாரா (நல்ல வழியைக் காட்டும்படி வேண்டும் தொழுகை) தொழுதுவிட்டு எடுங்கள். கனவு எதுவும் வரவேண்டியதில்லை, மனம் ஒரு பக்கம் தெளிந்தால் போதும். விற்ற பணம் வரும் மாதங்களின் செலவிலேயே கரைந்து, நிஸாபு (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச) அளவுக்குக் கீழே போய்விட்டால் அதற்கு ஜகாத்தும் வராது. ஒருவேளை கணவரின் பாக்கி வந்து சேர்ந்து, அந்தப் பணம் செலவாகாமல் நிஸாபு அளவு ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையில் நின்றால், அப்போது இரண்டரை சதவீதம் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.